பயந்துபோன நாயைத் தத்தெடுப்பவர்களுக்கு: முதல் நாளிலிருந்து முதல் தீபாவளி வரை

செவந்தி எங்கள் வீட்டுக்கு வந்து முதல் நான்கு நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து தானாக வெளியே வரவே இல்லை. தாம்பரத்தைத் தாண்டி ஒரு கட்டுமான இடத்தில், இரண்டு வருடம் ஐந்தடிச் சங்கிலியில் கட்டிப்போட்டு வைத்திருந்த நாட்டு நாய் அவள். குரைத்தால் கம்பால் அடித்தார்கள், குரைக்காவிட்டால் காவலுக்கு லாயக்கில்லை என்று அதற்கும் அடித்தார்கள். சங்கிலி உரசிய கழுத்தில் ஓரிடத்தில் இன்றைக்கும் முடி முளைக்கவில்லை. அவள் வந்து மூன்று வருடம் ஆகிறது. அந்த முதல் நாட்களில் நாங்கள் செய்த தவறுகள், அப்புறம் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டது, தெரிந்தவர்கள் வீடுகளில் இதே மாதிரி நாய்களோடு தரையில் உட்கார்ந்து பார்த்தது எல்லாம் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே வருவதெல்லாம் இதிலிருந்து கிளைப்பதுதான். அடிபட்டு வளர்ந்த நாய் "வேண்டாம்" என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. விலகிப் போனால் இழுத்தார்கள், உறுமினால் உதைத்தார்கள். உங்கள் வீட்டில் அது விலகினால் நீங்கள் விட்டுவிடுவீர்கள் என்று அதற்குத் தெரிய வேண்டும். அது தெரிந்த பிறகுதான் தானாகக் கிட்டே வரும். வேறு குறுக்கு வழி எனக்குத் தெரிந்து கிடையாது.

எடுப்பதற்கு முன்னால்

வீட்டில் ஒருவருக்காவது விருப்பம் இல்லையென்றால் எடுக்காதீர்கள். இதைக் கடுமையாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஒரு மாதம் வைத்திருந்து திருப்பிக் கொண்டுபோய் விடப்படும் நாய்க்கு அடுத்த வீட்டை நம்ப இன்னும் அதிக நாள் ஆகும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். அடுக்குமாடிச் சங்கங்கள் நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆனால் பயந்த நாயை வைத்துக்கொண்டு தினமும் படிக்கட்டில் சண்டை போடுவதைவிட, முன்கூட்டியே நான்கு பேரிடம் நல்லபடியாகச் சொல்லி வைப்பது மேல்.

காப்பகத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்து அன்றே கூட்டிவராதீர்கள், மூன்று நான்கு முறையாவது போங்கள். கூண்டுக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, வேகவைத்த கோழித் துண்டைப் பின்னால் போட்டுப் பாருங்கள். நீங்கள் பார்க்காதபோது வந்து எடுத்துத் தின்கிறதா, காற்றில் மூக்கைத் தூக்கி மோப்பம் பிடிக்கிறதா? அப்படியென்றால் ஆர்வம் இன்னும் உயிரோடு இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு முன்னேறலாம். சில நாய்கள் சுவரோடு ஒட்டி அசையாமல் கிடக்கும், தொட்டாலும் ஒன்றும் செய்யாது. "ரொம்ப சாது" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அது சாது இல்லை. என்ன செய்தாலும் தப்ப முடியாது என்று ஆகிவிட்ட உயிர் முயற்சியையே விட்டுவிடும் என்பதை மார்ட்டின் செலிக்மன் என்ற உளவியலாளர் 1967-ல் நாய்களை வைத்துத்தான் காட்டினார், அந்தச் சோதனையை நினைத்தாலே வயிறு கலங்குகிறது. அப்படி உறைந்துபோன நாயும் மீளும். ஆனால் மீளும்போது முதலில் வெளிவருவது பெரும்பாலும் உறுமலாகத்தான் இருக்கும், அதற்குத் தயாராக இருப்பவர்கள் எடுங்கள்.

ஏற்கெனவே உங்கள் வீட்டில் மனிதரை நம்பும், சண்டை போடாத நாய் ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. புதிது அதைப் பார்த்தே கற்றுக்கொள்ளும். அமெரிக்காவில் வட கரோலினாவின் வீவர்வில் ஊரில் மிகவும் பயந்த நாய்களுக்காகவே 2018-ல் ஒரு மறுவாழ்வு மையம் திறந்தார்கள், அங்கும் துணை நாய்களைப் பக்கத்தில் வைத்துத்தான் பழக்குகிறார்கள். ஆறு வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் வீட்டுக்கு, கடித்த வரலாறு உள்ள நாய் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

காப்பகத்தில் கேட்க வேண்டியவை: ரேபிஸ் ஊசி எப்போது போட்டது, பார்வோ, டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய்களுக்கும் போட்டாயிற்றா, கருத்தடை ஆகிவிட்டதா. காது நுனியில் சிறு வெட்டு இருந்தால் கருத்தடை செய்து ரேபிஸ் ஊசியும் போட்ட தெரு நாய் என்று அடையாளம், ஆனால் அந்த ஊசியை வருடா வருடம் போட வேண்டும். வீட்டில் உள்ளவர்களும் முன்கூட்டியே ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நாங்கள் போட்டுக்கொண்டோம், அதனால் மனதில் இருந்த பயம் குறைந்தது. நம் கை நடுங்கினால் நாய்க்கு உடனே தெரிந்துவிடும்.

வீட்டைத் தயார் செய்வது

முழு வீட்டையும் முதல் நாளே திறந்துவிடக் கூடாது, ஓர் அறை போதும். ஆட்கள் அதிகம் நடக்காத மூலையில் மேசைமேல் பெட்ஷீட்டைத் தொங்கவிட்டு, கீழே பழைய ஜமுக்காளமோ சாக்கோ விரித்து ஒரு குகை மாதிரி செய்யுங்கள். அதற்குள் இருக்கும்போது யாரும் கை நீட்டக் கூடாது, தலையை விட்டு எட்டிப் பார்க்கக் கூடாது. குழந்தைகளுக்கு இந்த ஒரு விதியைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். டைல்ஸ் தரையில் கால் வழுக்கினால் பயந்த நாய் இன்னும் பயப்படும், அதனால் அறையிலிருந்து கழிப்பிடத்துக்குப் போகும் வழி முழுக்கப் பாய் போடுங்கள். துடைப்பம், மாப், கொம்பு, குடை எல்லாம் கண்ணில் படாமல் உள்ளே போகட்டும். பால்கனிக்கும் கிரில் இடைவெளிக்கும் வலை கட்டுங்கள். அப்புறம் குக்கர் விசில். நமக்குக் காதிலேயே விழாத சத்தம் அது, செவந்தி முதல் விசிலில் சிறுநீர் கழித்துவிட்டாள். முதல் வாரம் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சமையுங்கள், மிக்ஸிக்கும் அதேதான்.

கூட்டிவரும் நாள்

பைக்கில் வேண்டாம், காரோ ஆட்டோவோ பிடியுங்கள். கழுத்துப் பட்டையும், நெஞ்சைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸும் இரண்டும் போட்டு, ஒவ்வொன்றிலும் தனித்தனிக் கயிறு மாட்டுங்கள். மிரண்ட நாய் பின்னால் இழுத்துக் கழுத்துப் பட்டையைத் தலைவழியே உருவிக்கொண்டு ஒரு நொடியில் ஓடிவிடும். நாய் காணாமல் போவது பெரும்பாலும் வந்த முதல் சில நாட்களில்தான். எங்களுக்கும் ஆறாவது நாள் நடந்தது. கேட் அருகே ஒரு கூரியர் பைக் படபடவென்று கிளம்பியது, நான் ஒற்றைக் கயிற்றோடு நின்றிருந்தேன். நான்கு மணி நேரம் கழித்து மூன்று தெரு தள்ளி ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் சுருண்டு கிடந்தாள். அப்படி ஓடிவிட்டால் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டு துரத்தாதீர்கள், துரத்தினால் இன்னும் ஓடும். தரையில் பக்கவாட்டில் உட்கார்ந்து, வேறு பக்கம் பார்த்தபடி சாப்பாட்டைத் தூவுங்கள். நாங்கள் எங்கள் பழைய நாயைக் கூட்டிப்போனோம், அவன் பின்னாலேயே வந்துவிட்டாள்.

முதல் மூன்று நாள்

ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் வேலை. குளிப்பாட்டக் கூடாது, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. அறையில் ஒரு ஓரமாகத் தரையில் பக்கவாட்டில் உட்கார்ந்து ஏதாவது படியுங்கள், சத்தமாகப் படித்தாலும் நல்லது, உங்கள் குரல் அதற்குப் பழகும். நேராகக் கண்ணைப் பார்க்காதீர்கள். சாப்பாட்டை வைத்துவிட்டு வெளியே போய்விடுங்கள். இரண்டு வேளை தின்னாவிட்டால் பதறாதீர்கள், இரவில் வீடு அடங்கியதும் தின்னும். ஒரு நாளைத் தாண்டியும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றாலோ, இரண்டு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றாலோ டாக்டரைக் கூப்பிடுங்கள்.

மூன்று நாளில் கொஞ்சம் மூச்சுவிடும், மூன்று வாரத்தில் வீட்டின் பழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில் இது என் வீடு என்று நினைக்கத் தொடங்கும் என்று மீட்புப் பணியில் இருப்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். சாதாரண நாய்க்கு அது சரி. அடிபட்ட நாய்க்கு அந்தக் கணக்கைக் காலண்டரில் குறித்து வைக்காதீர்கள், செவந்தி வாலை ஆட்டியதே எழுபதாவது நாள்தான்.

இரண்டாம் நாள் நாங்கள் அவளைக் குளிப்பாட்டினோம், நாற்றம் என்று. நான்கு பேர் பிடித்துக்கொண்டோம். அதற்குப் பிறகு ஐந்து மாதம் அவள் குளியலறைப் பக்கமே வரவில்லை, என் கையில் துண்டைப் பார்த்தாலே நடுங்குவாள். பத்து நிமிடச் சுத்தத்துக்கு ஐந்து மாதம் கொடுத்தோம். நாற்றம் இருந்தால் இருக்கட்டும்.

டாக்டரும் உண்ணியும்

உடம்பு வலிக்கும் நாய்க்குப் பயம் போகாது. பல நேரம் நாம் கோபம் என்று நினைப்பது காதுச் சீழாகவும், பல் வலியாகவும், சரியாகக் கூடாத பழைய எலும்பு முறிவாகவும் இருக்கும். முடிந்தால் வீட்டுக்கு வரும் கால்நடை மருத்துவரை வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, குறைந்த செலவில் எல்லாப் பரிசோதனையும் செய்யலாம், ஆனால் கூட்டம் அதிகம், அதனால் முதல் சில நாளில் அவசரம் இல்லையென்றால் நாய் கொஞ்சம் தேறியதும் போங்கள்.

நம் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது உண்ணிக் காய்ச்சல். சோர்வு, சாப்பிடாமை, ஈறு வெளிறிப்போவது, மூக்கில் ரத்தம், இதில் எது இருந்தாலும் ரத்தப் பரிசோதனை அவசியம், தட்டணுக்கள் குறைந்திருப்பது அங்கே தெரியும். உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமி என்றால் வழக்கமாக டாக்சிசைக்ளின் மாத்திரை நான்கு வாரம். பாதியில் நாய் துள்ளத் தொடங்கியது என்று நிறுத்திவிடாதீர்கள். உண்ணியை ஒழிக்கக் குளியல் தேவையில்லை, எடைக்கு ஏற்ற மாத்திரையோ பிடரியில் விடும் சொட்டு மருந்தோ டாக்டர் தருவார். சொறிக்கு வேப்பெண்ணெய், கந்தகம், அப்புறம் சிலர் சொல்லும் எரிந்த இன்ஜின் ஆயில், எதையும் பூசாதீர்கள். நக்கி உள்ளே போகும். ஆயில் விஷம்.

சாப்பாடு

வேகவைத்த கோழி, ஈரல், முட்டை, சாதம், பூசணி, கேரட் போதும். உப்பும் மசாலாவும் வேண்டாம், வெங்காயமும் பூண்டும் கூடவே கூடாது, திராட்சையும் சாக்லேட்டும் விஷம். பிரியாணியில் மிஞ்சிய எலும்பு வெந்து உடையக்கூடியது, குடலைக் குத்தும். ஒரே நேரம், ஒரே இடம், ஒரே பாத்திரம். அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிவது பயந்த உயிருக்குப் பெரிய ஆறுதல். தின்னும்போது பாத்திரத்தில் கைவிட்டுப் பழக்குவது என்று ஒரு வழக்கம் இருக்கிறது, அதைச் செய்யாதீர்கள். பட்டினி கிடந்த நாய்க்கு அது திருட்டாகத்தான் படும். மாறாக, தின்றுகொண்டிருக்கும்போது தூரத்திலிருந்து ஒரு ஈரல் துண்டைப் பாத்திரத்துப் பக்கம் எறிந்துவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.

கிட்டே வருவதும் தொடுவதும்

இதைத்தான் எல்லோரும் அவசரப்படுத்துகிறார்கள். சாப்பாட்டைக் கையில் வைத்து "வா வா" என்று கூப்பிடும்போது, பசி ஒரு பக்கம் இழுக்கப் பயம் மறுபக்கம் இழுக்க, நாய் உடம்பை நீட்டிக்கொண்டு வந்து பிடுங்கிவிட்டு ஓடும். வாய்க்குள் போன பிறகு பார்த்தால் நீங்கள் மிக அருகே இருப்பீர்கள், திடுக்கிட்டுக் கடிக்கவும் கடிக்கும். அதற்குப் பதிலாகத் துண்டை நாயின் முதுகுக்குப் பின்னால் போகும்படி எறியுங்கள். அது உங்களைவிட்டு விலகிப் போய்த் தின்னும், பிறகு திரும்பிப் பார்க்கும். மறுபடி பின்னால் எறியுங்கள். ஒவ்வொரு முறையும் விலகுவதற்கே பரிசு கிடைக்கிறது, அதனால் திரும்பி வரும் தூரம் தானாகக் குறையும். செவந்தி இப்படித்தான் பதினொன்றாம் நாள் என் முழங்காலுக்கு ஒரு அடி பக்கத்தில் வந்து நின்றாள். அன்றைக்கும் நான் கை நீட்டவில்லை.

தானாக வந்து உங்களை முகர்ந்து, பக்கத்தில் நிற்கத் தொடங்கிய பிறகு தொடலாம். தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாதீர்கள், அடி வந்த திசை அது. கீழிருந்து நெஞ்சையோ தோளையோ மூன்று நொடி வருடிவிட்டு நிறுத்துங்கள். நிறுத்தியதும் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். இன்னும் கிட்டே வந்து ஒட்டினால் தொடரலாம். அப்படியே நின்றாலோ, முகத்தைத் திருப்பினாலோ, உதட்டை நக்கினாலோ, தூக்கம் வராமலே கொட்டாவி விட்டாலோ, கண்ணின் வெள்ளை ஓரத்தில் தெரிந்தாலோ போதும் என்று அர்த்தம். வால் ஆடுவதை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், வயிற்றுக்குக் கீழே ஒடுக்கிய வாலும் நுனியில் ஆடும்.

உறுமினால் திட்டாதீர்கள். நின்று, மெதுவாகப் பின்வாங்குங்கள். உறுமல் என்பது நாய் நமக்குக் கொடுக்கும் எச்சரிக்கை, அதை அடித்து நிறுத்தினால் அடுத்த முறை எச்சரிக்கையே இல்லாமல் கடிக்கும். செய்தித்தாளைச் சுருட்டி மூக்கில் தட்டச் சொன்ன பயிற்சியாளர் ஒருவரை நாங்கள் முதல் சந்திப்போடு நிறுத்திவிட்டோம். பயந்த நாயை ஆறுதல்படுத்தினால் பயம் கூடும் என்று சொல்வதும் தவறு, அது உங்களிடம் வந்து ஒண்டினால் தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் பல் பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ரேபிஸ் ஊசி இலவசம். நம் நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதே என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

துடைப்பத்தைப் பார்த்து நடுங்குவது

ஒவ்வொரு நாய்க்கும் ஒரு பட்டியல் இருக்கும். லுங்கி கட்டிய ஆண், ஹெல்மெட், செருப்பைக் கழற்றக் குனிவது, பெல்ட் உருவும் சத்தம். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், எவ்வளவு தூரத்தில் பயம் தொடங்குகிறது என்பதையும் சேர்த்து. பழக்குவது அந்தத் தூரத்துக்கு வெளியே இருந்துதான். செவந்திக்குத் துடைப்பம். முதல் வாரம் துடைப்பத்தை இருபதடிக்கு அப்பால் தரையில் படுக்கப் போட்டோம், அவள் அதைப் பார்த்த உடனே கோழித் துண்டு விழும், துடைப்பத்தை எடுத்து மறைத்ததும் கோழியும் நின்றுவிடும். இந்த வரிசை முக்கியம்: முதலில் துடைப்பம், அப்புறம் கோழி. தலைகீழாகச் செய்தால் கோழியைப் பார்த்ததும் துடைப்பம் வரப்போகிறது என்று பயப்படத் தொடங்கும். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் இல்லை. அப்புறம் பதினைந்தடி, பத்தடி, சாய்த்து வைப்பது, கையில் பிடிப்பது, அசைப்பது. தின்ன மறுத்தால் நாம் அதிகமாகக் கிட்டே போய்விட்டோம் என்று பொருள், முந்தைய படிக்குத் திரும்பினோம். ஆறு வாரம் ஆனது. இப்போது பெருக்கும்போது எனக்கு முன்னால் வந்து உட்காருகிறாள், கோழிக்காக.

பயத்தைப் போக்க அதற்குள்ளேயே தள்ளிவிடுவது, அதாவது சந்தையில் கொண்டுபோய் நிறுத்துவது, பத்துப் பேரைக் கூப்பிட்டுத் தொடச் சொல்வது, அதையெல்லாம் செய்யவே கூடாது. நாய் அசையாமல் நிற்கும், பழகிவிட்டது என்று நாம் நினைப்போம், அது உறைந்து நிற்கிறது.

வெளியே போவது

குறைந்தது இரண்டு மூன்று வாரம் தெருவுக்குக் கூட்டிப்போகாமல் மொட்டை மாடியிலோ வாசலுக்குள்ளோ சமாளிக்க முடிந்தால் நல்லது. வீட்டுக்குள் சிறுநீர் போனால் சத்தம் போடாமல் துடையுங்கள், சங்கிலியிலேயே வாழ்ந்த நாய்க்கு எங்கே போவது என்று யாரும் சொல்லித் தந்ததில்லை, நீங்கள் குனிந்ததும் கசிந்தால் அது பயம்தான். தெருவுக்கு முதலில் விடியற்காலை ஐந்து மணி, பத்து நிமிடம், ஒரே தெரு. தெரு நாய்கள் எந்தெந்த மூலையில் இருக்கும் என்று நீங்கள் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வழியை முடிவு செய்யுங்கள். நின்றுவிட்டால் இழுக்காதீர்கள், திரும்பி வீட்டைப் பார்த்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

முன்னேற்றம் நின்றுவிட்டால்

நான்காவது மாதம் செவந்தி திடீரென்று மறுபடி கட்டிலுக்கு அடியில் போனாள். பக்கத்து வீட்டில் சுவர் இடித்தார்கள், அதே வாரம் வீட்டுக்கு விருந்தாளி, அதே வாரம் ஊசி. தனித்தனியாகத் தாங்கியிருப்பாள், மூன்றும் சேர்ந்ததும் முடியவில்லை. அப்படி நேர்ந்தால் பயிற்சி எல்லாவற்றையும் ஒரு வாரம் நிறுத்திவிட்டு முதல் மூன்று நாள் மாதிரியே இருங்கள். இரண்டாவது முறை வெளியே வர அவளுக்கு நான்கு நாள் ஆகவில்லை, ஒன்றரை நாள்தான்.

இரண்டு மூன்று மாதமாகியும் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, நாள் முழுக்க மூச்சிரைக்கிறது, தன் காலையே கடித்துப் புண்ணாக்குகிறது என்றால் மருந்தைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள். பதற்றத்தைக் குறைக்கும் ஃப்ளூவாக்ஸெட்டின் போன்ற மருந்துகள் நாய்களுக்கும் தரப்படுகின்றன, பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். மருந்து கொடுப்பது தோல்வி என்று நினைப்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது, பயம் மூளை வரை இறங்கிய நாய்க்குக் கற்றுக்கொள்ளவே அது தேவைப்படும். நாமாக மனித மாத்திரையை உடைத்துக் கொடுப்பது மட்டும் கூடாது.

2007-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் மைக்கேல் விக் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரரின் இடத்தில் நாய்ச்சண்டைக்காக வைத்திருந்த ஐம்பது பிட்புல் வரை மீட்டார்கள். கொன்றுவிடுவதே நல்லது என்று விலங்கு நல அமைப்புகளே சில சொல்லின. ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தபோது பல நாய்கள் வெறிபிடித்தவையாக இல்லை, தரையோடு ஒட்டிப் படுத்து நடுங்கின. 22 நாய்கள் யூட்டா மாநிலத்துக் காப்பகம் ஒன்றுக்குப் போயின, சில மாதங்களில் வீடு போனவையும் உண்டு, வருடக்கணக்கில் அங்கேயே இருந்தவையும் உண்டு. இரண்டையும் சரி என்று ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் நாய் கடைசிவரை விருந்தாளி வந்தால் உள்ளே போய்ப் படுக்கும் நாயாகவே இருக்கலாம்.

முதல் தீபாவளி

இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். பட்டாசு ஒலியைப் போனில் மிகக் குறைந்த சத்தத்தில் வைத்து, துடைப்பத்துக்குச் சொன்ன அதே வரிசையில் பழக்குங்கள். மருந்து தேவை என்று டாக்டர் சொன்னால் ஒரு சாதாரண நாளில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். சில மயக்க மருந்துகள் உடம்பை மட்டும் அசையவிடாமல் செய்யும், பயம் உள்ளே அப்படியே இருக்கும், அதனால் பதற்றத்தைக் குறைக்கும் மருந்தாகக் கேட்டு வாங்குங்கள். தமிழ்நாட்டில் பட்டாசுக்குக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள், ஆனால் தெருவில் முந்தின வாரத்திலிருந்தே வெடிக்கும். அந்த வாரம் முழுக்க விடியற்காலை நான்கரைக்கே வெளியே கூட்டிப்போய் வந்துவிடுங்கள், இரண்டு கயிறும் கட்டாயம், கழுத்துப் பட்டையில் உங்கள் போன் எண் இருக்கட்டும். ஜன்னலுக்குப் போர்வை, மேசைக் குகைக்கு மேல் இன்னொரு கம்பளி, மின்விசிறியை வேகமாகப் போட்டு டிவியையும் ஓடவிடுங்கள். வீட்டில் ஒருவராவது கூடவே இருக்க வேண்டும்.

முதல் தீபாவளி இரவு செவந்தி குகைக்குள் போகவில்லை. ஏழே கால் மணிக்குச் சரவெடி தொடங்கியதும் நேராக என்னிடம் வந்து, மடிக்கும் சுவருக்கும் நடுவில் தலையை நுழைத்துக்கொண்டாள். ஒரு மணி நேரம் நான் காலை அசைக்கவில்லை. மரத்துப்போயிருந்தது. எட்டரைக்கு அவளாக எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள், பிறகு தட்டைத் தேடினாள், ஈரல் போட்டேன்.